வீட்டு நீச்சல்குளத்தை உப்புநீர் முறைக்கு மாற்றுவது எப்படி

உப்புநீர் நீச்சல்குளம் என்றதும் பலர் கடல்நீரை நினைத்துக்கொள்கிறார்கள். குளோரினே இல்லாத குளம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்த வகைக் குளத்திலோ லிட்டருக்கு 3 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அளவுக் கணக்கில் சொன்னால் சுமார் 3,000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் 3,000 பங்கு உப்பு. இது கண்ணீரில் உள்ள உப்பைவிடவும் குறைவு என்பதால் கண் எரிவதில்லை, வாயில் பட்டால் மிக லேசாகக் கரிக்கும். குளோரினும் இந்தக் குளத்தில் உண்டு. அதைக் கேனில் வாங்கி ஊற்றுவதற்குப் பதிலாக, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பிலிருந்து அன்றாடம் வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு.

அது நடக்கும் விதத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் வேலைகள் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கும். ஃபில்டரைத் தாண்டிக் குளத்துக்குத் திரும்பும் குழாயில் ஒரு செல் பொருத்தப்படுகிறது. அதற்குள் ருத்தேனியம், இரிடியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே குறைந்த அழுத்த நேர்மின்சாரம் பாயும்போது உப்புநீர் சிதைந்து ஒரு தகட்டில் குளோரினும், எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் வாயுவும் காரமும் உண்டாகின்றன. குளோரின் உடனே தண்ணீரில் கரைந்து கிருமிகளைக் கொல்கிறது; வேலை முடிந்ததும் மறுபடி குளோரைடாக, அதாவது உப்பின் பகுதியாகவே மாறிவிடுகிறது. ஆகவே உப்பு செலவாவதில்லை. ஒரே உப்பு திரும்பத் திரும்பச் சுழல்கிறது. எதிர்த் தகட்டில் காரம் கூடுவதால் அங்கே சுண்ணாம்பு படியும் என்பதையும், ஹைட்ரஜன் எரியக்கூடிய வாயு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

விற்பவர்கள் கருவியிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையோர வீடுகளில், குளத்தை நிரப்புவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரோ டேங்கர் லாரி நீரோதான். நல்ல கருவி வாங்கியும் ஆறே மாதத்தில் செல் முழுக்க வெள்ளைப் பாறை படிந்துபோனதற்குக் கடினநீரைத் தவிர வேறு காரணம் இல்லாத குளங்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் அளவுகள்

குளத்தின் கொள்ளளவைக் கட்டியவர் சொன்ன கணக்கில் விடாமல் நீங்களே அளந்து பாருங்கள். செவ்வகக் குளமானால் நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1.1 மீட்டரும் மறு முனையில் 1.7 மீட்டரும் ஆழமுள்ள குளத்தின் சராசரி ஆழம் 1.4 மீட்டர்; கொள்ளளவு 44,800 லிட்டர். இந்தக் கட்டுரை முழுவதும் இதே குளத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உங்கள் குளம் பெரியதோ சிறியதோ, அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து தண்ணீர்ப் பரிசோதனை. பி.எச். (நீர் அமிலமா காரமா என்பதன் அளவு), காரத்தன்மை (பி.எச். சட்டென்று மாறாமல் தடுக்கும் திறன்), கால்சியம் கடினத்தன்மை, சயனூரிக் அமிலம், தற்போதுள்ள உப்பு ஆகிய ஐந்தும் தெரிந்தாக வேண்டும். சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் டெஸ்ட் கிட், தாள் பட்டைகளைவிட நம்பகமானது. உப்புக்கு மட்டும் குளோரைடை அளக்கும் தனிப் பட்டைகள் கிடைக்கின்றன. குடிநீருக்கு வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டு உப்பைக் கணக்கிடாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும்; கிணற்று நீரில் 1,500 என்று காட்டினால் அதில் பெரும்பகுதி சுண்ணாம்பாகவும் இருக்கலாம். அதை உப்பென்று நம்பிக் குறைத்துப் போட்டால் கருவி ஓடாது.

உப்பே போடாத குளத்தில் உப்பு எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழலாம். திரவக் குளோரின் எவ்வளவு காலம் ஊற்றினீர்களோ அவ்வளவு உப்பு குளத்தில் சேர்ந்திருக்கும். கடலோரக் கிணற்று நீரானால் அதுவே ஓரளவு உப்பைக் கொண்டுவந்திருக்கும். ப்ளீச்சிங் பவுடர் பயன்படுத்தியிருந்தால் கால்சியம் ஏறியிருக்கும். டி.சி.சி.ஏ. எனப்படும் குளோரின் மாத்திரைகளைப் போட்டு வந்திருந்தால் சயனூரிக் அமிலம் ஏறியிருக்கும். இது வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் பொருள். திறந்தவெளிக் குளத்துக்குத் தேவையானதே. ஆனால் 100 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் குளோரினின் வேகத்தையே மட்டுப்படுத்திவிடும். எந்த மருந்தாலும் அதை எளிதில் எடுக்க முடியாது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றத்துக்கு முன் தண்ணீர் இருக்க வேண்டிய நிலை இது (பி.எச். தவிர மற்றவை பி.பி.எம். அளவில்): பி.எச். 7.2 முதல் 7.6 வரை, காரத்தன்மை 80-ஐ ஒட்டி, கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 வரை, சயனூரிக் அமிலம் 50 முதல் 70 வரை. காரத்தன்மையை 10 குறைக்க நம் குளத்துக்குக் கடைகளில் கிடைக்கும் 30 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 900 மில்லி தேவைப்படும். அதை மொத்தமாக ஊற்றாமல் பம்ப் ஓடும்போது பகுதி பகுதியாக, பி.எச். 7-க்குக் கீழே போகாதபடி பார்த்து ஊற்றுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே வாளியில் கையாளவே கூடாது; நச்சு வாயு வெளிவரும்.

கடினத்தன்மையோ சயனூரிக் அமிலமோ எல்லையைத் தாண்டியிருந்தால் பாதித் தண்ணீரை வெளியேற்றி, மென்நீராக்கும் கருவி வழியாக வந்த நீரால் நிரப்புவதே வழி. அப்போதும் குளத்தை முழுவதுமாகக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கடலோர மணற்பாங்கான இடங்களில் காலிக் குளத்தைக் கீழிருந்து வரும் நீரின் அழுத்தம் மேலே தூக்கிவிடக் கூடும். தளம் விரிசல் கண்டால் உப்புக் கருவியின் விலையெல்லாம் ஒரு பொருட்டாகவே இராது. ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் இறக்கி நிரப்பி, மீண்டும் இறக்கி நிரப்புவது பாதுகாப்பானது.

உப்பைத் தாங்காத பொருள்கள்

3,000 பி.பி.எம். உப்பு உடலுக்கு ஒன்றும் செய்யாது. உலோகத்துக்கும் சில கற்களுக்கும் செய்யும். குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்து, தண்ணீர் படும் ஒவ்வோர் உலோகத் துண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏணியும் கைப்பிடியும் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் துருப்புள்ளிகள் தோன்றும். 316 எல் தரம் தாங்கும். விளக்கின் திருகாணிகள், பழைய ஜி.ஐ. குழாய் இணைப்புகள், செம்புக் குழல் கொண்ட வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றை மாற்ற நேரிடலாம். உலோகப் பாகங்கள் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து எர்த் செய்திருப்பது உயிர்ப் பாதுகாப்புக்காகவே அவசியம். அரிப்பைக் குறைக்கத் துத்தநாகத் துண்டு ஒன்றை அந்த இணைப்பில் சேர்ப்பதும் உண்டு.

கரையில் பதித்திருக்கும் கல்லையும் பாருங்கள். கிரானைட் கவலையில்லை. மணற்கல், நுண்துளை மிகுந்த சுண்ணாம்புக்கல் போன்றவற்றில் தெறிக்கும் நீர் ஊறிக் காய்ந்து, உப்புப் படிகம் துளைக்குள் வளர்ந்து, மேல்பரப்பை ஏடு ஏடாக உரித்துவிடும். அப்படிப்பட்ட கல்லானால் துளைகளை அடைக்கும் சீலர் பூசிவிட்டு, குளித்து முடித்ததும் கரையை நல்ல தண்ணீரால் கழுவிவிடும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சிமென்ட் பூச்சு புதிதானால் குறைந்தது 28 நாள் கழியும் வரை உப்புப் போடாதீர்கள்.

கருவியைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துதல்

கருவியின் திறனைக் கொள்ளளவு பார்த்து வாங்குவதைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் குளோரின் தயாரிக்கும் என்று கேட்டு வாங்குவதே சரி. நம் ஊர் வெயிலில் திறந்த குளம் ஒன்று நாளொன்றுக்கு 3 பி.பி.எம். குளோரினை இழப்பதாகக் கொண்டால், 44,800 லிட்டருக்கு ஏறத்தாழ 135 கிராம் வேண்டும். பம்ப் 8 மணி நேரம் ஓடுமானால் மணிக்கு 17 கிராம். இந்த இடத்தில் 20 கிராம் கருவியோடு நின்றுவிடாமல் 25 கிராம் கருவியாக வாங்குங்கள். முழு மூச்சில் ஓடும் செல் சீக்கிரம் தேயும். 60, 70 சதவீதத்தில் ஓடும் செல் நீடிக்கும். மின்தடையால் பம்ப் ஓடும் நேரம் குறைந்தாலும் சமாளிக்கலாம். எவ்வளவு உப்பில் ஓடும், தகடுகளின் மின்முனைகளைத் தானாக மாற்றிச் சுண்ணாம்பை உதிர்க்கும் வசதி உண்டா, மாற்றுச் செல் உள்ளூரில் கிடைக்குமா ஆகிய மூன்றையும் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

செல்லின் இடம் குழாய் வரிசையில் கடைசி: பம்ப், ஃபில்டர், ஹீட்டர் இருந்தால் ஹீட்டர், அதற்கும் பின்னால்தான் செல். முன்னால் வைத்தால் செறிவான குளோரின் ஹீட்டரை அரித்துவிடும். இரு முனைகளிலும் யூனியன் எனப்படும் கழற்றி மாட்டும் இணைப்பு வைத்து ஒட்டச் சொல்லுங்கள். கழுவக் கழற்றும்போதெல்லாம் குழாயை அறுக்க வேண்டியிராது. நீரோட்டம் நின்றால் கருவியை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். அதற்கு முன்னால் வளைவே இல்லாத நேர்க்குழாய் 30 சென்டிமீட்டராவது இருந்தால் அது சரியாக வேலை செய்யும்.

இந்த ஸ்விட்சை மட்டும் நம்புவதும் போதாது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் பம்பின் டைமர் வழியாகவே வர வேண்டும். பம்ப் நின்றால் செல்லும் நின்றாக வேண்டும். ஓட்டமில்லாத தண்ணீரில் செல் ஓடினால் ஹைட்ரஜன் குழாய்க்குள் தேங்கும், தேங்கினால் வெடிக்கவும் கூடும். தனியாக ஒரு பிளக் பாயின்ட்டில் செருகிவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியனை அப்படிப் போக விடாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் இதை மாட்டவே கூடாது. இந்தப் பகுதியை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். குழாய் வேலையைக் கைப்பழக்கம் உள்ளவர் தாமே செய்யலாம், மின்வேலையை வேண்டாம்.

உப்பு

எந்த உப்பு என்பதில்தான் நம் ஊரில் அதிகம் தவறு நடக்கிறது. தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மூட்டைக் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கும். நானும் முதல் முறை அதைத்தான் கொட்டினேன். உப்பளத்துக் கல்லுப்பில் மண்ணும், கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் கலந்திருக்கும். தண்ணீர் இரண்டு நாள் கலங்கியே கிடந்ததோடு, கடினத்தன்மை ஏறி, தளத்தில் பழுப்புத் திட்டுகள் விழுந்தன. கடை உப்பும் வேண்டாம். அதில் அயோடினும், கட்டியாகாமல் இருப்பதற்கான பொருளும் சேர்க்கப்பட்டிருக்கும், இரண்டும் கறை படியக் காரணமாகலாம். மென்நீராக்கும் கருவிகளுக்கென்று விற்கும், 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையுள்ள, அயோடின் சேர்க்காத சுத்திகரித்த உப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு எளிது. 1,000 லிட்டரில் 1 கிலோ உப்பு கரைந்தால் 1,000 பி.பி.எம். கூடும். நம் குளத்தில் ஏற்கெனவே 700 இருந்து, கருவி கேட்பது 3,200 ஆனால், குறைவது 2,500. அதாவது 1,000 லிட்டருக்கு இரண்டரைக் கிலோ. 44,800 லிட்டருக்கு 112 கிலோ. இதில் முதல் நாள் 90 கிலோ மட்டும் போடுங்கள். உப்புக் குறைந்தால் மறுநாள் சேர்க்கலாம். கூடிவிட்டால் தண்ணீரைக் கொட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

செல்லை அணைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஆழம் குறைந்த பக்கத்தில் கரையோரமாக நடந்துகொண்டே உப்பைப் பரவலாகத் தூவ வேண்டும். மேல்மட்ட நீரைப் பம்புக்கு இழுக்கும் ஸ்கிம்மரில் கொட்டினால் செறிந்த உப்புநீர் பம்பையும் ஃபில்டரையும் தாக்கும். அடியில் குவிந்ததைப் பிரஷ்ஷால் கலைத்துவிடுங்கள். தளத்தின் வடிகால் வழியாகவும் பம்ப் இழுக்குமாறு வால்வைத் திருப்பி வைத்தால் கீழே தங்கும் கனமான உப்புநீரும் சுழலும். 24 மணி நேரம் இப்படி ஓடட்டும். பிறகு முழங்கை ஆழத்திலிருந்து நீரெடுத்துப் பட்டையால் சோதித்து, மிச்சத்தைச் சேர்த்து, இன்னொரு நாள் ஓடவிட்டு, அதன் பின்னரே செல்லை இயக்குங்கள். பெட்டியின் திரையில் தெரியும் உப்பளவும் உங்கள் பட்டை காட்டும் அளவும் 200, 300 வேறுபடுவது இயல்பு.

சயனூரிக் அமிலம் அறவே இல்லாத குளமானால் 50 பி.பி.எம். வருவதற்கு நம் குளத்துக்கு 2.24 கிலோ வேண்டும். அது மெல்லக் கரையும்; பழைய சாக்ஸ் ஒன்றில் கட்டித் தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தின் முன் தொங்கவிடுவதே நல்ல உபாயம். கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு இது தேவையில்லை.

முதல் வாரங்கள்

செல் ஒரே நாளில் குளத்தைத் தூக்கி நிறுத்திவிடாது. இருப்பதைக் காக்கத்தான் அதற்குத் தெரியும். ஆகவே தொடக்கத்தில் 10 சதவீதத் திரவக் குளோரின் இரண்டேகால் லிட்டர் ஊற்றி 5 பி.பி.எம். ஏற்றிக்கொண்டு, கருவியை 60 சதவீதத்தில் வைத்து, பத்து நாள் தினமும் மாலையில் ஒரே நேரத்தில் சோதியுங்கள். சயனூரிக் அமிலம் 60-ஐ ஒட்டி இருக்கும் குளத்தில் குளோரின் 3 முதல் 4 வரை நிலைத்தால் நல்லது. குறைந்துகொண்டே போனால் சதவீதத்தையோ பம்ப் ஓடும் நேரத்தையோ கூட்டுங்கள். ஏறிக்கொண்டே போனால் குறையுங்கள். இந்தப் பத்து நாள் பொறுமை இல்லாதவர்களே பிறகு கருவியைக் குறை சொல்கிறார்கள்.

பி.எச். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். செல்லில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரைக் கலக்கி அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதே இதற்குக் காரணம். பழைய முறையில் அமிலம் எப்போதாவது தேவைப்பட்டது. இனி வாரம் ஒருமுறையாவது பார்த்து ஊற்ற வேண்டியிருக்கும். காரத்தன்மையை 60, 70-க்கு இறக்கி வைத்தால் ஏற்றத்தின் வேகம் குறையும். குமிழி விடும் செயற்கை அருவி இருந்தால் அதையும் நாள் முழுதும் ஓடவிடாதீர்கள்.

வெயிலும் மழையும்

தண்ணீர் ஆவியாகும்போது உப்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்கிவிடும். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினால் 32 சதுர மீட்டர் பரப்புக்கு 160 லிட்டர் ஈடுசெய்ய வேண்டும். அதை 600 பி.பி.எம். கடினத்தன்மையுள்ள கிணற்று நீரால் செய்தால் குளத்தின் கடினத்தன்மை மாதத்துக்கு 60-க்கும் மேல் கூடுகிறது. சித்திரையில் 250 இருந்த குளம் ஆடியில் 400-ஐத் தாண்டியிருக்கும். ஈடுசெய்யும் நீரையாவது மென்நீராக்கும் கருவி வழியாகக் கொண்டுவாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மழையில் கதை தலைகீழ். நிரம்பி வழியும் குளத்தில் 200 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 6,400 லிட்டர் நல்ல தண்ணீர் சேர்ந்து, அதே அளவு உப்புநீர் வெளியேறும். 3,200 இருந்த உப்பு ஏறத்தாழ 2,780-க்கு இறங்கிவிடும். குறைந்த உப்பில் சில கருவிகள் தாமே நின்றுவிடும், சில தகட்டைத் தேய்த்துக்கொண்டே ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் உப்பைச் சோதிப்பது நல்லது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் வேறொரு தொல்லை உண்டு: நீரின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான கருவிகள் குளோரின் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திக்கொள்ளும், அந்த நாள்களில் திரவக் குளோரினுக்கே திரும்ப வேண்டும்.

ஃபில்டரில் நீரைப் பின்னோக்கி ஓட்டிக் கழுவும் பேக்வாஷின்போது வெளிவரும் உப்புநீர் போகும் இடத்தையும் முன்பே தீர்மானியுங்கள். தென்னை ஓரளவு தாங்கும். வாழையும் காய்கறிச் செடிகளும் கருகிவிடும். மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விட்டால் உங்கள் கிணற்றையே உப்பாக்கிக்கொள்வீர்கள். கழிவுநீர் இணைப்பே ஏற்ற வழி.

செல்லைக் கழுவுதல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செல்லைக் கழற்றிப் பாருங்கள். தகடுகளுக்கிடையே வெள்ளைப் படிவு இல்லையென்றால் கழுவ வேண்டாம். தேவையில்லாத அமிலக் குளியல் தகட்டின் பூச்சைக் கரைக்கும். படிவு இருந்தால், ஒரு பிளாஸ்டிக் வாளியில் நான்கு பங்கு தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பங்கு அமிலத்தை ஊற்றுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், நுரைப்பது அடங்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். கம்பியாலோ கத்தியாலோ சுரண்ட வேண்டாம்.

நன்றாகப் பராமரித்த செல்லும் நாலைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். உப்புச் சரியாக இருந்து, படிவு இல்லாமல், கருவி 100 சதவீதத்தில் ஓடியும் குளோரின் குறைந்தால் உடனே புதுச் செல்லுக்குச் சொல்லிவிடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தின் வாயிலும் குளத்தின் நடுவிலும் நீரெடுத்துக் குளோரினைத் தனித்தனியே அளக்க வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் பாயும் குழாயில் 25 கிராம் செல் முழுத் திறனோடு இருந்தால் துவாரத்து நீரில் 2.5 பி.பி.எம். அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் செல் நலமே. குளோரினைத் தின்பது பாசியோ, சயனூரிக் அமிலக் குறைவோதான். இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்தால் செல்லை மாற்றுங்கள்; புதுச் செல் வந்து சேரும் வரை திரவக் குளோரின் கேன் ஒன்று நிழலில் தயாராக இருக்கட்டும்.